வேலை இழந்த மீனவ நாய்

சென்னை கல்மண்டபம் பக்கத்து அடுக்குமாடியில் வளரும் லேப்ரடாரையும் கீழே தெருவில் திரியும் நாட்டு நாயையும் ஒப்பிட்டால், உடம்புக்கு யார் சுகவாசி என்பதில் சந்தேகமே இல்லை. மூளைக்கு வேலை யாருக்கு அதிகம் என்று கேட்டால் பதில் தலைகீழ்.

தெருநாய்க்கு விடிந்ததிலிருந்தே கணக்குதான். மீன் வண்டி எப்போது வரும், எந்த இட்லிக்கடைக்காரம்மா மிச்சம் போடுவார், யார் கல்லெடுப்பார், பக்கத்துத் தெருக் கூட்டத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது அந்தக் கணக்கையே மாற்றிப் போட வேண்டும். மனிதரின் சைகையும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு, நம் நாட்டுத் தெருநாய்களை வைத்துச் செய்த ஆய்வை 2020இல் வெளியிட்டது. முன்பின் அறியாத ஒருவர் கிண்ணங்களில் ஒன்றைக் கைகாட்டுவார். பயந்து ஒதுங்கியவை போக, அருகில் வந்த நாய்களில் சுமார் 80 விழுக்காடு அந்தக் கிண்ணத்துக்கே போயின. எந்தப் பயிற்சியாளரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை. அதற்காக அந்தப் பிழைப்பை மெச்ச முடியாது. லாரிச் சக்கரமும் வெறிநோயும் பசியும் அதிலேயே சேர்ந்தவை.

லேப்ரடாரின் கதைதான் வேடிக்கை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில், வலைக்கயிறு இழுக்கவும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வரவும் மீனவர்கள் வைத்திருந்த நாய்களின் வம்சம் அது. அப்படிப்பட்ட நாய், மீன்பிடித் துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில், மூன்றாவது மாடியில், வேளைக்கு நிரம்பும் கிண்ணத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. கடற்காற்று மீன்வாடையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. போய்ப் பார்க்கத்தான் வழியில்லை. “எல்லாம் வாங்கித் தர்றோம், அப்பவும் சோபாவைக் குதறுது” என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறார்கள். வேறென்ன செய்யும்?

பொம்மை வாங்கிப் போடுவதைவிட மூக்குக்கு வேலை தருவது மேல் என்பேன். துராந்தன், ஹோரோவிட்ஸ் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு 20 வீட்டு நாய்களை வைத்து நடந்தது. சிறிய ஆய்வுதான். ஒரு பிரிவுக்கு ஒளித்த உணவை மோப்பம் பிடித்துத் தேடும் பழக்கம், மற்றதற்கு எசமான் காலோடு ஒட்டி நடக்கும் பழக்கம்; இரண்டு வாரம். அதன்பின், தீனி இருக்குமா இருக்காதா என்று ஐயம் தரும் இடத்தில் கிண்ணம் வைத்தார்கள். மோப்பம் பழகியவை முன்பைவிட விரைவாகப் போய்ப் பார்த்தன. ஒட்டி நடந்தவற்றிடம் மாற்றமில்லை.

நம் வாக்கிங்கோ முழுக்க இரண்டாம் வகை. விளக்குக் கம்பத்தில் மூக்கு வைத்ததுமே சங்கிலியை இழுக்கிறோம். தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் இறக்கிவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் நின்று முகரவிடலாம். வீட்டில் பழைய லுங்கியின் மடிப்புகளுக்குள் பாதித் தீனியைச் சுருட்டி வைத்தால், அரை நிமிடத்தில் தீரும் சாப்பாடு கால் மணி நேர வேலையாகும். ஒளித்து வைக்க வேகவைத்து முள் எடுத்த மீன் நல்லது. கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.