பேராசிரியர் சந்திரசேகரும் பிளாஸ்மா சாஸ்திரமும்

புதுப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இயங்கத் தொடங்கிற்று. தமிழ்க் குடும்பத்திற் பிறந்த பேராசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்கள் பௌதிகத்திற்கு நோபல் பரிசு பெற்றதும் அவ்வாண்டிலேயே. கனத்த அணுவைப் பிளந்து வெப்பம் பெறுவது கல்பாக்கத்து முறை. இலகுவான அணுக்கருக்களைச் சேர்த்து ஒளிர்வது சூரியன் முறை. அச்சூரியன் பிளாஸ்மா என்னும் நிலையில் உள்ளது. அப்பெரியார் அத்துறைக்கு ஆற்றிய தொண்டினை நம் அன்பர்கள் அறிதல் நலம்.

அவர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி லாகூரிற் பிறந்தார். தந்தையார் ரயில்வே கணக்கு இலாகா உத்தியோகஸ்தர். அன்னையார் சீதாலட்சுமி அம்மையார் இப்ஸன் நாடகமொன்றைத் தமிழாக்கியவர். மைந்தனுக்கு வீட்டிலேயே தமிழ் கற்பித்தவர். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையிலும் சென்னை இராஜதானிக் கலாசாலையிலும் பயின்ற அவர், 1930-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1937 முதல் சிக்காகோ சர்வகலாசாலையே அவரது பணியிடமாயிற்று.

பிளாஸ்மா என்பது யாது? வாயு மிகச் சூடேறுங்கால் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்து தனியே திரியும். அந்நிலையே பிளாஸ்மா. அது காந்தத்திற்குக் கட்டுப்படும். பூமியில் அணுக்கருச் சேர்க்கைக்குப் பத்துக் கோடி டிகிரி அளவு வெப்பம் வேண்டும். அதனைத் தாங்கும் பாத்திரம் உலகில் இல்லை. ஆகலின் காந்தப் புலத்தையே பாத்திரமாக அமைக்க முயல்கின்றனர். ஆயினும் பிளாஸ்மா நிலைகுலைந்து நழுவிவிடுகின்றது.

நட்சத்திரக் கூட்டத்தில் ஒன்றன் ஈர்ப்பு மற்றொன்றன் ஓட்டத்தை எங்ஙனம் தடுக்கும் என 1943-இல் அவர் கணக்கிட்டார். ஈர்ப்பு விசையும் மின்விசையும் தூரத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறைவன. ஆதலின் வானத்திற்கு வகுத்த அக்கணக்கு பிளாஸ்மாவின் துகள்களுக்கும் பயன்பட்டது. காந்தப் புலத்திற் பாயும் பொருள் எப்பொழுது நிலைக்கும், எப்பொழுது குலையும் என்பதை 1961-இல் வெளியிட்ட பெருநூலில் ஆராய்ந்தார்.

1960-இல் வெளிவந்த அவரது ‘பிளாஸ்மா பௌதிகம்’ என்னும் ஆங்கில நூலோ, வகுப்பறையிற் பிறந்தது. அவர் சொற்பொழிவுகளை ட்ரெஹான் என்பார் குறிப்பெடுத்துத் தொகுத்ததே அந்நூல். ஆராய்ச்சியும் போதனையும் அவர்க்கு வேறல்ல. நாற்பதின் மேற்பட்டோர் அவரிடம் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றனர். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் தேதி அவர் காலமானார்.

அன்பர்களே! அப்பேரறிஞரின் முதற்பள்ளி, கற்றறிந்த தாயின் மடியன்றோ? நம் இல்லங்களிற் பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதிருப்போமாக. இன்று ஒரு பெண் எழுதிவைக்கும் பாடக் குறிப்பு, நாளை அவள் மகவுக்கு முதல் நூலாகலாம்.