மலவாளி முதல் புதுநீர் வரை

சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் மலவாளிகள் போய்வந்த வழிகள் அவை. சிங்கப்பூரில் வாளிமுறை அடியோடு ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான். அதே மக்கள், 2002ஆம் ஆண்டு தேசிய தினக் கொண்டாட்டத்தில், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெற்ற ‘புதுநீரை’ அருந்தினார்கள். பதினைந்தே ஆண்டுகளில் இந்தத் துணிவு எப்படி வந்தது?

தேவைதான் முதல் காரணம். ஜோகூரிலிருந்து தண்ணீர் பெற வகைசெய்யும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிவடைகிறது. அதற்குள் சொந்தக்காலில் நிற்க வேண்டும்.

முதல் முயற்சி கைகூடவில்லை. 1974இல் தொடங்கிய சோதனை ஆலை மறுஆண்டே மூடப்பட்டது. சவ்வு வடிகட்டிகளின் விலை அதிகம், நம்பகத்தன்மையோ குறைவு. தொழில்நுட்பம் முதிரும்வரை நாடு காத்திருந்தது. 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. 2000இல் பிடோக்கில் நாளுக்கு 10,000 கன மீட்டர் நீர் தரும் மாதிரி ஆலை எழுந்தது. அந்த நீர் பாதுகாப்பானது என்று அனைத்துலக நிபுணர் குழு 2002இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு பிடோக்கிலும் கிராஞ்சியிலும் புதுநீர் ஆலைகள் திறக்கப்பட்டன.

புதுநீர் மூன்று படிகளைக் கடந்து வருகிறது. நுண்வடிகட்டி, மிதக்கும் துகள்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கிறது. எதிர் சவ்வூடு பரவல், உப்புகளையும் கரைந்துள்ள பெரும்பாலான வேதிப்பொருள்களையும் பிரிக்கிறது. கடைசியாகப் புறஊதா ஒளி, எஞ்சியிருக்கக்கூடிய கிருமிகளைச் செயலிழக்கச் செய்கிறது.

ஆனால், சவ்விலும் நழுவும் மிகச்சிறிய மூலக்கூறுகள் சில உண்டு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி இதை அனுபவத்தில் கண்டது. என்டிஎம்ஏ, டையாக்சேன் என்ற இரு மாசுகள் அங்கே தலைவலியாயின. 2008இல் திறந்த புதிய ஆலையில், புறஊதா ஒளியுடன் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கப்பட்டது. என்டிஎம்ஏவை ஒளியே உடைக்கிறது. பெராக்சைடை ஒளி பிளக்கும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் துகள்கள் டையாக்சேனைச் சிதைக்கின்றன. கிருமியைக் கொல்லும் அதே ஒளி இங்கே நஞ்சையும் முறிக்கிறது.

சிங்கப்பூரின் தண்ணீர்த் தேவையில் 40 விழுக்காடுவரை இன்று புதுநீரால் ஈடுசெய்ய முடியும். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறண்ட காலங்களில் நீர்த்தேக்கங்களிலும் கலக்கப்படுகிறது. அப்போது தேக்காவின் தேநீர்க் குவளையிலும் அதன் பங்கு உண்டு. அதைத் தயங்காமல் அருந்த முடிகிறதென்றால், அந்த நம்பிக்கை ஒருநாள் விழாவில் பிறந்ததன்று. தோல்வியை ஒப்புக்கொண்டு ஆலையை மூடி, கால் நூற்றாண்டு பொறுத்திருந்து, சோதித்த பிறகே குவளையை நீட்டியதால் கிடைத்தது அது.