மலேசியாவில் மழைக்காடு, அரேபியாவில் பாலைவனம்: காரணம் என்ன?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அடர்ந்த மழைக்காடுகளைப் பார்க்கிறோம். உம்ரா செல்லும்போது அரேபியாவில் பாலைவனத்தைப் பார்க்கிறோம். இந்த வேறுபாட்டிற்கான காரணம் நம் தலைக்கு மேலுள்ள காற்று மண்டலத்தில் இருக்கிறது.

வெப்பநிலை மாறும் விதத்தைக் கொண்டு காற்று மண்டலத்தை ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கின்றனர்.

கீழடுக்கு: நாம் சுவாசிப்பது இதில்தான். துருவங்களில் சுமார் 8 கி.மீ., நிலநடுக்கோட்டில் சுமார் 17 கி.மீ. உயரம் வரை உள்ளது. மேகம், மழை, புயல் பெரும்பாலும் இதற்குள்ளேயே நிகழ்கின்றன. மேலே போகப் போகக் குளிர் கூடும்.

மீள் அடுக்கு: சுமார் 50 கி.மீ. வரை. இங்குள்ள ஓசோன், சூரியனின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதால் மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது.

இடையடுக்கு: சுமார் 85 கி.மீ. வரை. விண்கற்கள் பெரும்பாலும் எரிந்து போவது இங்கேதான்.

வெப்ப அடுக்கு: சுமார் 400 கி.மீ. உயரத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றி வருவது இதில்.

வெளியடுக்கு: காற்று மிக மெலிந்து விண்வெளியோடு கலக்கும் பகுதி.

இனி நம் கேள்விக்கு வருவோம். நிலநடுக்கோட்டில் வெயில் அதிகம். அங்கு சூடான ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மழையாகப் பொழிகிறது. மீள் அடுக்கு ஒரு மூடியைப் போலத் தடுப்பதால், ஈரம் இழந்த அக்காற்று வடக்கிலும் தெற்கிலும் பரவி, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாவதால் மேகம் உருவாவதில்லை. சஹாராவும் அரேபியாவும் வறண்டிருக்க இதுவே முக்கியக் காரணம். இச்சுழற்சியை 1735-ல் விளக்க முயன்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்லி.

தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையும் இதே காற்றோட்டத்தோடு தொடர்புடையதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, வங்கக் கடலில் ஈரத்தை அள்ளி வந்து நமக்கு மழையாகத் தருகிறது.

இந்த அமைப்பில் மனிதனின் கைவரிசையும் உண்டு. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்து வருவது 1985-ல் வெளியானது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாகி, அதற்குக் காரணமான வாயுக்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. ஓசோன் இப்போது மெல்ல மீண்டு வருகிறது. ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் கீழடுக்கு சூடாகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது.

ஓசோன் விஷயத்தில் உலகம் ஒன்றுபட்டுத் தவறைத் திருத்திக்கொண்டது. இதிலும் அது முடியும் என்பதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.