மங்கும் நீல ஒளியும்: பாரிஸ் லாச்சப்பலை முன்வைத்து

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் படரும் மங்கு என்ற கருந்திட்டுக்குக் கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பவழி என்பவற்றோடு ஒளியும் ஒரு காரணம். பாரிசில் வெயில் குறைவு. ஆகவே ஒளியைப் பற்றிக் கவலையில்லை என்று அந்நகரின் லாச்சப்பல் பகுதியில் வாழும் தமிழர் எண்ணுவது இயல்பே. ஆனால் மங்குச் சிகிச்சை தோற்பதற்கு இந்த எண்ணம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

இதற்கான சான்று பிரான்சிலிருந்தே கிடைத்துள்ளது. மெலனின் சுரக்கும் உயிரணுக்களில் உள்ள ஆப்சின்-3 என்ற புரதம் நீல ஒளியை நேரடியாக உணர்ந்து நிறமியைப் பெருக்குவதை 2018இல் நீஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினர். வெளிர் தோலில் அவ்வளவாக நேராத இவ்விளைவு, நம்முடையதைப் போன்ற பழுப்புத் தோலில் நீடித்து நிற்கிறது. நீல ஒளி சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். அதே நகரத்தில் நடந்து 2015இல் வெளியான இன்னோர் ஆய்வு, புற ஊதாக் கதிரோடு நீல ஒளியையும் தடுக்கும் களிம்பு மங்கு திரும்ப வருவதைக் கூடுதலாகக் குறைப்பதை நிறுவியது. பூசினால் நிறமே தெரியாத சன்ஸ்கிரீன் நீல ஒளியைப் போதிய அளவு தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமூட்டிய களிம்பு வேண்டும். அதன் சாயல்களோ பெரும்பாலும் வெளிர் முகங்களுக்கென்றே செய்யப்படுகின்றன. மாநிறப் பெண் பூசினால் முகம் சாம்பல் பூத்துத் தெரிகிறது. அவர் அதை ஒதுக்கிவிடுகிறார். இதில் அவரைக் குறைசொல்ல நியாயமில்லை.

அந்த இடைவெளியில்தான் வெள்ளையாக்கும் கிறீம் நுழைகிறது. நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனை அழகுக் கிறீம்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் தடை விதித்திருந்தும், லாச்சப்பலுக்கு அருகிலுள்ள ஷாத்தோ ரூஜ் பகுதியில் அந்த வணிகம் ஓயவில்லை. மருத்துவர் மேற்பார்வையில், 4 விழுக்காட்டு அளவில், சில மாதங்களுக்கு ஹைட்ரோகுயினோன் பயனுள்ள மருந்தே. ஆண்டுக்கணக்கில் பூசினால் எளிதில் நீங்காத நீலக்கருமையைத் தானே உண்டாக்கும். குளோபெட்டசோல் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை முதல் சில வாரங்கள் முகத்தை வெளுக்கச் செய்து, பிறகு தோலை மெலியவைத்துப் பருக்களைக் கிளப்பும். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைத் தாக்கும்.

எல்லாக் கருமையும் மங்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தடித்துப் படரும் கருமை பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். நீரிழிவு மலிந்த நம் சமூகத்தில் அதற்கு முதல் தேவை இரத்தப் பரிசோதனை.

தோல் மருத்துவரைத் தேடுவோருக்கு, 1607இல் நிறுவப்பட்ட சென்லூயி மருத்துவமனை லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. முதல் உலகத் தோல் மருத்துவ மாநாடு 1889இல் கூடியது அங்கேதான். அங்கே போகிறவர்கள் இதுவரை பூசிய கிறீம்களின் டியூப்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும். நெடுநாள் பூசிய ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதை எப்படி விடுவது என்று மருத்துவர் முடிவுசெய்த பிறகே மங்குக்கான மருந்தைத் தொடங்க முடியும்.