ஏழைகளுக்காக எழுந்த ஈட்டன்

கோலகங்சார் மலாய்க் கல்லூரியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'கிழக்கின் ஈட்டன்' என்ற அடைமொழியும் கூடவே வரும். மலாய் அரச குடும்பத்துப் பிள்ளைகளையும் பிரபுக்களின் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து 1905-இல் ஆங்கிலேயர் தொடங்கிய பள்ளி அது. அப்படியானால் இங்கிலாந்தில் இருக்கும் அந்த அசல் ஈட்டன் யாருக்காகத் தொடங்கப்பட்டது? சீமான்களின் பிள்ளைகளுக்காகத்தான் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று.

1440-ஆம் ஆண்டு. மன்னர் ஆறாம் ஹென்றிக்கு அப்போது வயது 18. வின்ட்சர் கோட்டைக்கு எதிரே, தேம்ஸ் நதியின் மறுகரையில் ஆண் பிள்ளைகளுக்கென ஈட்டன் கல்லூரியை நிறுவினார். வசதியற்ற 70 மாணவர்களுக்குப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று ஏற்பாடு. அவர்கள் மேற்கொண்டு பயில, மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியையும் தொடங்கினார். பள்ளியின் செலவுக்கு ஏராளமான நிலங்களை எழுதி வைத்தார்.

1461-இல் அவருடைய அரியணை பறிபோனது. புதிய மன்னர் நான்காம் எட்வர்ட், பள்ளியின் சொத்துகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். ஹென்றி கனவு கண்ட மாபெரும் தேவாலயத்தில் ஒரு பகுதி மட்டுமே எழும்பியது. இன்றும் அந்த அளவோடுதான் அது நிற்கிறது. ஆனாலும் பள்ளி பிழைத்துக்கொண்டது.

மாற்றம் வேறு வாசல் வழியாக வந்தது. கட்டணம் செலுத்தும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள விதிகளில் இடம் இருந்தது. அவர்கள் பள்ளிக்கு வெளியே, ஊரில் தங்கிப் படித்தார்கள். ஊர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்கு 'ஒப்பிடன்கள்' என்று பெயர் வந்தது. பணம் கட்டுபவர்கள் பெருகப் பெருக, யாருக்காகப் பள்ளி எழுந்ததோ அந்த 70 பேர் சிறுபான்மை ஆனார்கள்.

அவர்கள் பட்ட பாடுதான் என்னை உறுத்துகிறது. 'லாங் சேம்பர்' என்ற நீண்ட கூடத்தில் இரவானால் அவர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். மேற்பார்வைக்கு ஆசிரியர் இல்லை. பெரிய பையன்களின் அடாவடியும் எலித்தொல்லையும் குளிரும்தான் துணை. நிறுவனர் பெயரால் இலவசமாகக் கிடைத்த அந்த இடங்களுக்கு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிள்ளைகளை அனுப்பவே பெற்றோர் தயங்கினார்கள். (அக்காலத் தலைமையாசிரியர் ஜான் கீட் ஆள் குள்ளம், பிரம்போ ஓய்ந்ததில்லை. 1832-இல் ஒரே இரவில் 80 பேருக்கு மேல் அடித்தாராம்!)

1840-களில் நிலைமை சீரடையத் தொடங்கியது. புதிய கட்டடம் எழுந்தது. அந்த 70 இடங்களுக்கும் திறந்த போட்டித் தேர்வு வந்தது. பின்னர் 1861-இல் அமைந்த கிளாரண்டன் விசாரணைக் குழு ஈட்டனையும் வேறு எட்டுப் பள்ளிகளையும் ஆராய்ந்தது. 1868-இல் சட்டம் பிறந்து, பழைய நிர்வாக முறை மாறியது.

தேர்வு வைப்பது நியாயம்தானே என்று நம் அரங்கில் சிலர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தேர்வில் கேட்டது லத்தீனும் கிரேக்கமும். அவற்றைச் சொல்லிக்கொடுக்கும் ஆயத்தப் பள்ளிகளுக்குப் பணம் வேண்டும். குயவர் மகனும் உழவர் மகனும் எங்கே போவார்கள்? நடுத்தரக் குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த இடங்களைப் பிடித்தார்கள். பீகாரின் மோத்திஹாரியில் பிறந்த எரிக் பிளேர் 1917-இல் ஈட்டனில் சேர்ந்தது இந்த உபகாரச் சம்பளத்தில்தான். ஜார்ஜ் ஆர்வெல் என்றால் நேயர்களுக்கு உடனே தெரியும்.

இன்று அங்கே 1,300-க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆண்டுக் கட்டணம் 60,000 பவுனுக்கு மேல். பிரிட்டனுக்கு 20 பிரதமர்களைத் தந்திருக்கிறது. முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் அந்த 70 பேரில் ஒருவராகப் படித்தவர். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கட்டணம் முழுவதையும் பள்ளியே ஏற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணங்களுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் 20 விழுக்காடு வரி விதிக்கிறது. ஈட்டனோ இன்னமும் அறநிறுவனமாகவே பதிவில் இருக்கிறது. அரச மாணவர்களின் எண்ணிக்கை இன்றும் 70தான். கறுப்பு மேலங்கி அணிந்து வரும் அவர்களை மற்றவர்களிடையே பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம்.