மழிக்கப்பட்டவர்கள்: அல்பாகா, குறும்பாடு, தொண்டைமண்டலம்

திருமுடிவாக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருத்தர் போன மாதம் கேட்டார்: "அல்பாகா வளர்த்தா என்னய்யா? வெளிநாட்டுல ஆளுக்குப் பத்து வச்சுக்கிட்டு, மயிரை வெட்டி, நூல் நூத்து, வீட்டிலயே பின்னி விக்கிறான்." ஆண்டீஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேலே மேய்கிற பிராணி சித்திரை வெயிலில் என்ன பாடுபடும் என்று சொல்லிச் சிரித்தோம். சிட்கோ தொழிற்பேட்டை மதிலை ஒட்டிச் செம்மறி ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "இதுல ஏதுங்க மயிரு? கம்பளி வேணும்னா குறும்பாடு வேணும். அது இங்க இல்ல" என்றார். அந்த 'இங்க இல்ல' என்பதுதான் என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. இல்லாமல் போனதா, இல்லாமல் ஆக்கப்பட்டதா?

அல்பாகா என்ற சொல் நமக்குப் புதிதில்லை. சென்னையின் பழைய வக்கீல்களும் குமாஸ்தாக்களும் போட்டுக்கொண்ட கறுப்பு அல்பாகா கோட்டை நம் தாத்தாக்களின் போட்டோக்களில் பார்த்திருக்கிறோம். 1836இல் லிவர்பூல் கிடங்கில் யாரும் சீண்டாமல் கிடந்த அல்பாகா மயிர் மூட்டைகளை வாங்கியவர் டைட்டஸ் சால்ட். பருத்திப் பாவில் அல்பாகா ஊடை கொடுத்து மினுமினுப்பான துணி நெய்து பெரும் பணம் பண்ணினார். 1853இல் பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் சால்ட்டேர் என்று தன் பெயரிலேயே ஆலையும் ஊரும் எழுப்பினார். பிற்பாடு அந்தப் பெயரில் விற்றதெல்லாம் அசல் அல்பாகாவும் இல்லை. மந்தையை இன்கா காலத்திலிருந்து பேணி வந்த ஆண்டீஸ் மக்களின் பெயர் எந்த ஊருக்கும் வைக்கப்படவில்லை.

உயிருள்ள அல்பாகாவை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பெரு தடை போட்டிருந்தது. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரி மந்தையை மலை மலையாகக் கடத்தி, 1858இல் 256 உருப்படிகளோடு சிட்னியில் இறங்கினார். திட்டம் தோற்றது, மந்தை சிதறிப்போனது. இதே லெட்ஜருக்காகத்தான் 1865இல் மானுவேல் இன்க்ரா மாமானி என்ற பொலிவியப் பழங்குடி மனிதர் உயர்ரக சிங்கோனா விதைகளைச் சேகரித்துக் கொடுத்தார். டச்சுக்காரர்கள் அதை வாங்கி ஜாவாவில் நட்டு, கொய்னா வாணிபத்தையே கைப்பற்றினார்கள். சில ஆண்டுகள் முன்னால் கிளெமென்ட்ஸ் மார்க்கம் எடுத்துவந்த வேறு சிங்கோனா நீலகிரியில் வேர்விட்டிருந்தது. நடுவட்டம் தோட்டத்தில் சீனக் கைதிகள் அதற்காக உழைத்தார்கள். 1870களின் தொடக்கத்தில் மாமானி மறுபடியும் விதை எடுக்கப்போய்ப் பிடிபட்டார். யாருக்காக என்று சொல்ல மறுத்து, சிறையில் அடிபட்டுச் செத்தார். அந்த மரத்துக்கு வைத்த அறிவியல் பெயர் லெட்ஜெரியானா.

இதைப் படித்து ஆங்கிலேயனைத் திட்டிவிட்டுப் போய்விடுவது சுலபம். நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

தமிழில் மயிராட்டுக்குத் தனிப் பெயர் உண்டு: குறும்பாடு, குறும்பை. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்டினத்துக்குக் குறும்பை என்றும், திருச்சிக் கறுப்பினத்துக்குக் கருங்குறும்பை என்றும் கால்நடைத் துறையே எழுதுகிறது. இந்த ஆட்டை மேய்த்து, மயிர் வெட்டி, வில்லால் கொட்டி, நூற்று, கம்பளி நெய்த குறும்பர்களின் பெயர் ஆட்டின் பெயரிலேயே கேட்கிறது. சாயம் கிடையாது, ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம். ஆடும் தறியும் ஒரே வீட்டில். என் நண்பர் வெளிநாட்டுச் சரக்காக நினைத்தது இதைத்தான்.

காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளின்படி, சோழருக்கு முன்னால் தொண்டைமண்டலமே குறும்பர் பூமி. 24 கோட்டங்களாகப் பிரித்து, புழலைத் தலைமைக் கோட்டையாக வைத்து ஆண்டார்களாம். குலோத்துங்கன் மகன் ஆதொண்டன் அவர்களை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்று போகிறது கதை. குஸ்தாவ் ஆப்பெர்ட் 1893 நூலிலும், எட்கர் தர்ஸ்டன் 1909இலும் இவற்றை எடுத்துப் பேசினார்கள். இது நடந்த வரலாறு என்று நான் வாதாடவில்லை. கதை என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தத் திரட்டில் செங்கல்பட்டுப் பக்கம் நெரும்பூரைப் பற்றி ஒன்று வருகிறது. குறும்பர்கள் மற்றவர்களை வணங்கச் சொல்லித் தொல்லை கொடுத்தார்களாம். அவர்களில் ஒரு சாவு விழுந்தால் எல்லோரும் தலை மழித்துக்கொள்வது வழக்கம். வேளாளர் தூண்டுதலில், மழிக்க உட்கார்ந்த ஒவ்வொரு குறும்பரையும் நாவிதர் அந்தக் கத்தியாலேயே முடித்தார்கள்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மயிர் வெட்டிப் பிழைக்கிறவர்களை மயிர் வெட்டும்போதே கொல்கிற கதை இது. ஆட்டைக் கத்தரிப்புக்கு உட்கார வைப்பதுபோலத் தலை குனிய உட்கார வைக்கிறது. அதோடு, கத்தி வேளாளர் கையில் இல்லை பாருங்கள். நிலம் ஒருவருக்கு, கொலைப்பழி இன்னொரு ஒடுக்கப்பட்ட சாதிக்கு. 'அரண்மனை'ச் சண்டையாகச் சொல்லப்பட்ட ஆதொண்டன் கதையைவிட இந்த ஊர்க்கதை நிறைய ஒப்புக்கொண்டுவிடுகிறது. காடு மேடு மேய்ச்சலாக இருந்த இடம் ஏரிப் பாசனமும் நெல்லுமாக மாறியதன் நினைவு இதில் படிந்திருக்கலாம் என்பது என் ஊகம். திருமுடிவாக்கத்தை அடுத்த குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். வேளாளத் தமிழ்ச் சைவத்தின் ஞாபகம் அங்கே கோயிலாக நிற்கிறது. கம்பளிக்காரனின் ஞாபகம் எதிரியின் வாய்க் கதையாக மட்டும் மிஞ்சியது. எம்.ஏ. தமிழில் எனக்குப் பெரிய புராணம் பாடம் இருந்தது; மெக்கன்சி சுவடி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை.

இன்று இந்தப் பக்கம் மேய்வது சென்னைச் சிவப்பு. கம்பளி தராத முடியாடு. கறிக்கும் தோலுக்கும்தான். தோல் என்றதும் குரோம்பேட்டை: குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வாங்கிய ஊர். பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரில் குரோமியத்தை இறக்கின. கிணறு கெட்டவர்கள் யார், தொட்டிக்குள் இறங்கி நின்றவர்கள் என்ன சாதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசுக்குக் கம்பளி ஆசை விட்டுப்போகவில்லை என்பது வேறு விஷயம். கோவை ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆட்டை உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காக்கிறார்கள்; மறுபடியும் மெரினோ சேர்த்து 'சாண்டினோ' என்று புதுசாக ஒன்றும் உண்டாக்கினார்கள். மென்மயிர் 'மேம்பட்டது', கரடுமயிர் 'தரம் குறைந்தது' என்ற அளவுகோல் பிராட்ஃபோர்டு ஆலையின் அளவுகோல். மழையில் மேய்ப்பனின் தலைக்கு மேல் கூரையாக நின்ற கறுப்புக் கம்பளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, நாலு கருங்குறும்பை வாங்கி விட்டா?" என்றார். பெரியவரிடம் கேட்டோம். "விடலாங்க. மயிர் கழிக்கத் தெரிஞ்சவன் யாரு இருக்கான், மேய எடம் எங்க இருக்கு?" என்று சிட்கோ மதிலைக் காட்டினார்.