பேச்சைத் திரும்பக் கற்ற நடிகை

பக்கவாதம் கண்டவரை எண்ணெய் தேய்த்துப் பாயில் கிடத்திவிடுவதே நம் தோட்டங்களில் பலரும் செய்து வந்தது. மருத்துவமனை முதலில், அதற்குப் பின் என்ன என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன்.

1965 பிப்ரவரியில் அமெரிக்க நடிகை பட்ரீசியா நீலுக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. வயது 39, வயிற்றில் பிள்ளை வேறு. மூன்று வாரம் நினைவில்லை. விழித்தபோது வலப்பக்கம் அசையவில்லை, பேச்சும் போயிற்று.

கணவர், எழுத்தாளர் ரோல்டு டால், அவரை இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த கிரேட் மிசென்டன் கிராமத்துக்கு அழைத்து வந்தார். மருத்துவமனைப் பயிற்சி போதாதென்று அண்டை வீட்டாரை முறைவைத்து வரச்செய்தார். வந்தவர்கள் மருத்துவர்களல்லர். எழுத்து, கணக்கு, படம் பார்த்துப் பெயர் சொல்லுதல் என்று தினமும் பல மணி நேரம் பாடம் நடந்தது. வேண்டிய பொருளின் பெயரை அவரே சொல்லும்வரை கணவர் எடுத்துத் தரமாட்டார். கொடுமை என்றார்கள் சிலர். நோயாளிக்காக நாமே பேசிவிட்டால் அவர் நாக்கு எப்போது பழகுவது?

ஆகஸ்டில் நலமாகப் பெண் குழந்தை பிறந்தது. 1968இல் மறுபடியும் திரைப்படம். ஆஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது.

பாடம் சொன்ன அண்டை வீட்டு அம்மையார் வேலரி ஈட்டன் கிரிஃபித் இம்முறையைப் புத்தகமாக எழுதினார். 1973இல் பிரிட்டனில் இதற்கெனத் தொண்டர் திட்டமும் எழுந்தது. மலேசியாவில் தேசியப் பக்கவாதச் சங்கம் 1996இல் தோன்றியது. அதை நிறுவியவரும் பக்கவாதத்திலிருந்து மீண்டவரே.